பாரமான கதவைத் தொங்கவிட எந்த ட்ராக், எந்த ரோலர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. மரவேலை, வெல்டிங் இரண்டும் செய்கிறோம். சில வருடங்களாக வருகிற வேலைகளில் நிறைய ஸ்லைடிங் கதவுதான், அதாவது மேலே பூட்டின ட்ராக்கில் ஓடுகிற சில்லுகளில் (ரோலரில்) தொங்கி, பக்கவாட்டில் திறக்கிற கதவு. பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடித்துவிட்டுப் போக நிற்கிறவர்கள், கடைக்காரர்கள், ஒருமுறை தேர்முட்டிக்குக் கதவு கேட்டு ஒரு கோயில்காரர். எல்லோரும் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி "இப்படி வேண்டும்" என்பார்கள். படத்தில் கதவு வடிவாகத் தெரியும், அதைத் தாங்குகிற சுவர் எப்படிப்பட்டது என்று தெரியாது. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணை, முதலில் எதை வாங்க வேண்டும்? ட்ராக்கா, ரோலரா?

ஒன்றையும் வாங்க வேண்டாம். முதலில் கதவை நிறுங்கள், பிறகு சுவரைத் தட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு கடைக்குப் போகலாம்.

கதவின் பாரம் ஒரு வழியாக நடந்து போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கதவின் மேல் சட்டத்திலிருந்து தொங்கல் போல்டுக்கு, அதிலிருந்து ரோலரின் அச்சுக்கு, சில்லுக்கு, ட்ராக்குக்கு, பிராக்கெட்டுக்கு, பிராக்கெட்டைப் பிடித்திருக்கிற ஆணிக்கு, கடைசியில் சுவருக்கு. இதில் எது நலிவானதோ அதன் பலம்தான் முழுக் கதவின் பலம். என்னிடம் வந்த திருத்த வேலைகளில் ரோலர் உடைந்து வந்தது மிகக் குறைவு. பெரும்பாலும் சுவரில்தான் பிடி விட்டிருக்கும். ஆனால் காசைக் கொட்டுவது ரோலருக்குத்தான், சுவருக்குள் போகிற போல்டுக்கு யாரும் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள்.

கதவு இன்னும் செய்யவே இல்லை. நிறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப் போடலாம், கடினமில்லை. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் மீட்டரில் பெருக்கி, அதை மரத்தின் அடர்த்தியால் பெருக்க வேண்டும். தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ அளவில் வரும். முதிரை 950 அளவில். 7 அடி உயரம், 4 அடி அகலம், ஒன்றரை அங்குலத் தடிப்பில் முழுப் பலகைக் கதவு என்றால் கனஅளவு ஏறத்தாழ 0.1 கன மீட்டர். தேக்கில் 65 கிலோ, முதிரையில் 95 கிலோ. ஒரே அளவுக் கதவு, மரம் மாறினால் முப்பது கிலோ வித்தியாசம். "ஒரு கதவுக்கு எந்த ரோலர்" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான்.

கண்ணாடிக்குக் கணக்கு இன்னும் இலேசு: ஒரு மி.மீ. தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ, 7க்கு 3 அடிக் கதவு ஏறத்தாழ 50 கிலோ. இரும்புத் தகடு ஒரு மி.மீ. தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. கராஜுக்கு 8 அடிக்கு 8 அடியில் ஒற்றைத் தகட்டுக் கதவு எடுத்தால், 1.2 மி.மீ. தகடு மட்டும் 56 கிலோ, 50க்கு 25 பெட்டி இரும்பில் 2 மி.மீ. சட்டமும் இரண்டு குறுக்கும் போட்டால் இன்னும் 32 கிலோ. பூட்டு, கைபிடி, பெயின்ட் சேர்த்து 90 கிலோவைத் தாண்டும்.

செய்து முடித்த கதவென்றால் கணக்கே வேண்டாம். சந்தையில் வெங்காய மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்றை அரை மணி நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டில் ஆள் ஏறி நிறுக்கிற தராசு இரண்டை எடுத்து, கதவை நீளப்பாட்டுக்கு நிமிர்த்தி இரண்டு முனையிலும் ஒவ்வொன்றை வைத்து, இரண்டு எண்ணையும் கூட்டுங்கள். ஒரு பக்கம் கூடுதலாகக் காட்டினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவின் பாரமையம் நடுவில் இல்லை என்று அர்த்தம், அந்தப் பக்கத்து ரோலர்தான் முதலில் தேயப் போகிறது.

பெட்டியில் 150 கிலோ என்று போட்டிருக்கிறது. என் கதவு 140. போதும்தானே?

முதலில் அந்த 150 எதற்கு என்று பாருங்கள். சிலர் ஒரு கதவுக்கு, அதாவது இரண்டு ரோலரும் சேர்ந்து தாங்குவதைப் போடுவார்கள். சிலர் ஒரு ரோலருக்குப் போடுவார்கள். பெட்டியில் தெளிவாக இல்லாவிட்டால் ஒரு கதவுக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பின்பற்றுகிற வழக்கம் இது: கதவின் நிறையோடு அதில் பாதியைச் சேர்த்து, வருகிற எண்ணுக்கு மேல் உள்ள சாமானைத்தான் எடுப்பது. 140 கிலோக் கதவுக்கு 210. கதவு சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. பிள்ளைகள் இழுத்து அடிப்பார்கள், கைபிடியில் தொங்குவார்கள், மழைக்காலத்தில் மரம் தண்ணீர் குடித்துப் பாரம் கூடும்.

ஐரோப்பாவில் இப்படியான சாமான்களைச் சோதிக்க ஈ.என். 1527 என்றொரு தரநிலை இருக்கிறது. நிறையைத் தொங்கவிட்டுக் கதவைத் திறந்து மூடி ஓட்டிப் பார்க்கிறார்கள், மேல்தரத்தில் 100,000 தடவை. பெட்டியிலோ தாளிலோ அந்த எண்ணும் தரமும் அச்சிட்டிருந்தால் அந்தக் கிலோக் கணக்கை நம்பலாம். வெறும் கிலோ மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் சாமானைக் கையில் எடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கையில் எடுத்து எதைப் பார்ப்பது?

ரோலரின் உடலை ஒரு கையால் பிடித்து, சில்லை மறுகையின் இரண்டு விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் வைத்துவிடுங்கள். பிறகு சுழற்றிவிட்டுக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். நல்ல பெயாரிங் சத்தமில்லாமல் சுழன்று மெதுவாக நிற்கும். கரகரவென்று கேட்டால் உள்ளே குண்டு சரியில்லை, அல்லது குண்டே இல்லாமல் வெறும் துளையில் அச்சு ஓடுகிறது. அப்புறம் அச்சைப் பாருங்கள்: முனையைத் தட்டி நசுக்கிப் பிடித்திருக்கிறதா, நட்டுப் போட்டிருக்கிறதா? நசுக்கிய அச்சு பாரமான கதவுக்கு ஆகாது, ஒருநாள் தளர்ந்தால் இறுக்க வழியில்லை.

ட்ராக்குக்குத் தடிப்பு அளக்கிற வெர்னியர் ஒன்று கொண்டுபோங்கள். இரண்டு மி.மீ. என்று சொல்லி விற்பது அளந்தால் 1.6 இருக்கும். 0.4 தானே என்று விடாதீர்கள். தகடு வளையாமல் நிற்கிற பலம் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் (தடிப்பு × தடிப்பு × தடிப்பு) போகிறது, ஆகவே 1.6 மி.மீ. ட்ராக்கின் உதடு 2 மி.மீ. ட்ராக்கின் உதட்டைவிட ஏறத்தாழப் பாதி விறைப்புத்தான். உதடு என்று நான் சொல்வது பெட்டி ட்ராக்கின் அடியில் இரண்டு பக்கமும் உள்ளே மடிந்திருக்கிற விளிம்பு. சில்லு அதன் மேல்தான் ஓடுகிறது. பாரம் தாங்காத ட்ராக் அந்த உதடு மெல்ல மெல்ல விரிந்து, ஒருநாள் சில்லைக் கீழே விட்டுவிடும்.

ட்ராக்கில் எத்தனை விதம் இருக்கிறது? எது எதற்கு?

வீட்டு வேலைக்கு மூன்று போதும். அலுமாரி, இலேசான அறைக்கதவு என்றால் அலுமினிய ட்ராக். படத்தில் காட்டுகிற, வெளியே தெரிகிற கறுப்புப் பட்டை, அதன் மேல் பெரிய சில்லு ஏறி ஓடுகிற மாதிரி: அது 40க்கு 6 மி.மீ. பட்டை இரும்பு, வடிவாக இருக்கும், 80 கிலோவுக்குள் என்றால் நானும் போடுவேன். அதற்கு மேல், வெளிக்கதவு, கராஜ், களஞ்சியம், தேர்முட்டி எல்லாவற்றுக்கும் பெட்டி ட்ராக்தான். சில்லு உள்ளே மூடியிருப்பதால் தூசியும் மழையும் குறைவாகப் படும், பாய்ந்து வெளியே வருவதும் கடினம்.

மின்சார வேலைக்காரர் கேபிள் தட்டுத் தொங்கவிடப் பாவிக்கிற 41 மி.மீ. இரும்புச் சனலில் (ஒரு பக்கம் திறந்த பெட்டி மாதிரி) ரோலர் போட்டும் கதவு ஓட்டலாம், அதற்கென்றே ரோலர் வருகிறது. ஆனால் முதுகில் துளை துளையாக வருகிற சனலை விடுத்து, துளையில்லாததை எடுங்கள்.

நீளம் கதவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். 4 அடிக் கதவுக்கு 8 அடி. இரண்டு துண்டைச் சேர்க்க வேண்டி வந்தால் மூட்டு நேரே ஒரு பிராக்கெட்டின் கீழே வரவேண்டும், உள்பக்கம் அரத்தால் ராவி விரலால் தடவினால் மூட்டுத் தெரியாதபடி இருக்க வேண்டும்.

இரண்டு ரோலருக்குப் பதில் நான்கு போட்டால் இரண்டு மடங்கு தாங்கும்தானே?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் தொடக்கத்தில் இப்படித்தான் செய்தேன். நான்கு கால் மேசை சமமில்லாத நிலத்தில் இரண்டு காலில் நின்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். விறைப்பான கதவில் வரிசையாக நான்கு ரோலர் பூட்டினாலும் அதேதான். ட்ராக் ஒரு மி.மீ. மேலே கீழே போனால் எந்த நேரத்திலும் இரண்டு ரோலர்தான் பாரத்தைத் தாங்கும், மற்ற இரண்டும் சும்மா கூடப் போகும். ஆகவே பாரத்துக்குப் பெரிய ரோலர் இரண்டு எடுங்கள். ஒரு தொங்கல் போல்டின் மேல் நான்கு சில்லும், சில்லுக் கட்டை கொஞ்சம் ஆடிக் கொடுக்கிற மாதிரியும் வருகிறதே, அந்த வகை. அதில் பாரம் சில்லுகளுக்குள் தானாகப் பகிர்ந்துகொள்ளும்.

பிராக்கெட்டை எத்தனை அடிக்கு ஒன்று போடுவது?

ட்ராக்கின் நடுத்தொய்வு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. நான்கு அடிக்கு ஒன்று போட்ட இடத்தில் இரண்டு அடிக்கு ஒன்று போட்டால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். இரண்டு மூன்று பிராக்கெட்டின் விலையில் இவ்வளவு நன்மை வேறு எதிலும் கிடைக்காது. 100 கிலோ வரை இரண்டு அடிக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்றரை அடி. முனையிலிருந்து நான்கு அங்குலத்துக்குள் ஒன்று கட்டாயம். கதவு மூடி நிற்கிற இடத்திலும் திறந்து நிற்கிற இடத்திலும் ரோலர் எங்கே வந்து நிற்கும் என்று சுவரில் பென்சிலால் குறித்து, அந்த இடங்களில் பிராக்கெட் வருகிறமாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு தன் ஆயுளில் பெரும்பகுதியை அந்த இரண்டு இடத்தில்தான் நிற்கப் போகிறது.

சீமெந்துக் கல்லுச் சுவர். ரோல் பிளக் (துளைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் உறை) அடித்து ஸ்குரூ ஆணி பூட்டலாமா?

வேண்டாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறைக்கு நானே ஒரு கதவு போட்டேன். 110 கிலோ. ரோலர் நல்லது, ட்ராக் நல்லது, பிராக்கெட் ஏழு. சுவர் உள்ளே ஓட்டையுள்ள சீமெந்துக் கல்லு. நீளமான ரோல் பிளக்கும் ஸ்குரூ ஆணியும் போட்டு இறுக்கினேன், கையால் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. எட்டு மாதம் ஓடியது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) எழும்பின ஒரு பின்னேரம், கதவைத் தள்ளும்போது மேலே ஒரு சின்னச் சத்தம், மணல் கொட்டினமாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது பிராக்கெட்டின் மேல் ஆணி அரை அங்குலம் வெளியே வந்திருந்தது, அதைச் சுற்றிச் சாந்து வட்டமாகக் கழன்றிருந்தது. பின்னுக்குப் போ என்று பெடியனிடம் கத்தின அடுத்த நொடி அந்தப் பிராக்கெட் விட்டது, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவரோடு சாத்தியிருந்த சைக்கிள் தட்டையானது. அன்றைக்குப் பிறகு ஓட்டைக் கல்லில் ரோல் பிளக்கில் நான் கதவு தொங்கவிட்டதில்லை.

நடந்தது என்னவென்றால், கதவு சுவரிலிருந்து கொஞ்சம் விலகித் தொங்குகிறது. ஆணியைக் கீழே அழுத்துவதோடு பாரம் நிற்பதில்லை, மேல் ஆணியை வெளியே பிடுங்கவும் பார்க்கிறது. ஒரு பிராக்கெட்டில் 100 கிலோ வருகிறது, ட்ராக் சுவரிலிருந்து 75 மி.மீ. தள்ளி இருக்கிறது, பிராக்கெட்டின் மேல் ஆணிக்கும் கீழ் விளிம்புக்கும் இடையில் 100 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மேல் ஆணியை 75 கிலோ வெளியே இழுக்கிறது. அந்த 100ஐ 50 ஆகக் குறைத்தால் இழுவை 150 கிலோ ஆகிவிடும். ஆகவே உயரமான பிராக்கெட், சுவரோடு ஒட்டின ட்ராக். ஓட்டைக் கல்லில் விரிகிற போல்டுக்கும் பிடிக்க ஒன்றுமில்லை, கல்லின் ஓடு ஒரு அங்குலம்தான், இறுக்க இறுக்க அது வெடிக்கும்.

செய்ய வேண்டியது மூன்றில் ஒன்று. கதவுக்கு மேல் கொங்கிரீட் லின்டலோ (வாசலுக்கு மேல் போடுகிற குறுக்குக் கட்டை) பீமோ இருந்தால், ட்ராக் முழு நீளத்துக்கும் அது போகிறதா என்று பாருங்கள், போனால் அதிலேயே துளைக்குள் விரிந்து பிடிக்கிற 10 அல்லது 12 மி.மீ. ஆங்கர் போல்ட். பெரும்பாலும் லின்டல் வாசலுக்கு மேல் மட்டும் இருக்கும், கதவு திறந்து ஒதுங்குகிற பக்கம் வெறும் கல்லுத்தான், அங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. இரண்டாவது வழி, சுவரை முழுதாகத் துளைத்து நீளப் போல்ட் விட்டு மறுபக்கம் 100க்கு 100க்கு 6 மி.மீ. தகடு வைத்து நட்டுப் போடுவது. மறுபக்கம் தகடு தெரியும், பெயின்ட் அடித்துவிடலாம். மூன்றாவது, புதிய வீடு என்றால் மேசனிடம் முன்கூட்டியே சொல்லி லின்டலை அந்தப் பக்கமும் நீட்டிப் போடச் சொல்வது. இதுதான் நல்லது, செலவும் குறைவு, ஆனால் கூரை போட்ட பிறகுதான் எங்களிடம் வருகிறீர்கள்.

எங்களுடையது பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புக் கல்லுச் சுவர், இரண்டடித் தடிப்பு. அது தாங்கும்தானே?

சுவர் தாங்கும். அந்த வீடுகளின் சுவரை நான் மதிக்கிறேன். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து, வயது போய் மாப்போல ஆகியிருக்கும். அதில் விரிகிற ஆங்கரைப் போட்டு இறுக்கினால் சாந்து விலகிக் கொடுக்கும், கல்லின் விளிம்பில் பட்டால் கல்லு பிளக்கும். அடிக்கிற டிரில்லை நிறுத்தி, சுழல்கிற மட்டும் வைத்துத் துளைத்து, துளையை ஊதித் தூசி முழுதும் எடுத்து, பசை ஆங்கரும் திருகுக் கம்பியும் போடலாம். துளையில் தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. துளைக்கிறபோது கல்லுத்தூள் வெள்ளையாகவும் இறுக்கமாகவும் வருகிறதா, திடீரென்று உள்ளே விழுந்துபோகிறதா என்று கையில் தெரியும். விழுந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

150 கிலோவுக்கு மேல் என்றால் நான் சுவரை நம்பாமல் கால் நாட்டிவிடுவேன். இரண்டு பக்கமும் நிலத்திலிருந்து பெட்டி இரும்புத் தூண், திறக்கிற பக்க முனையில் இன்னொன்று, மேலே குறுக்குச் சட்டம், அதில் ட்ராக். பாரம் நேரே நிலத்துக்குப் போய்விடும். சுவரில் இரண்டு இடத்தில் ஆடாமல் பிடித்தால் போதும். அம்மம்மா காலத்துச் சுவரில் ஒரு கீறலும் விழாது.

பனை வளையில் தொங்கவிடலாமா என்றும் கேட்கிறார்கள். வளை கூரைக்குப் போட்டது, ஓட்டின் பாரத்தை ஏற்கெனவே சுமக்கிறது. பனையின் வயிரம் வெளிப்பக்கம்தான், உள்ளே மென்மை, நடுவில் திருகின ஆணி மென்மையான இடத்தில்தான் போய் நிற்கும். வேண்டாம்.

நைலோன் சில்லா, இரும்புச் சில்லா?

வீட்டுக்குள் நைலோன், சத்தமில்லை. பட்டறைக்கும் கராஜுக்கும் இரும்பு. நைலோனின் குறை என்னவென்றால் பாரமான கதவு மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் சில்லு அந்த இடத்தில் கொஞ்சம் தட்டையாகி, பிறகு ஓட்டும்போது தடக் தடக் என்னும். பூட்டிக் கிடக்கிற வெளிநாட்டார் வீடுகளில் இது நடக்கிறது. எதுவென்றாலும் உள்ளே இரண்டு பக்கமும் ரப்பர் மூடின பெயாரிங் இருக்க வேண்டும். 6201, 6202 மாதிரியான எண் பொறித்த பெயாரிங் என்றால் இன்னும் நல்லது, மோட்டார் சைக்கிள் சாமான் கடையிலேயே மாற்று வாங்கலாம்.

வீடு கடற்கரைக்குக் கிட்ட. துருப்பிடிக்காமல் இருக்க எது?

குருநகர், பருத்தித்துறை, காரைநகர், தீவுப் பக்கம் எல்லாம் இந்தக் கேள்வி முதலாவதாக வரவேண்டும். கடையில் பளபளவென்று மின்னுவது மின்முலாம் பூசின துத்தநாகம், 5 முதல் 12 மைக்ரோன் தடிப்பு இருக்கும். உருகின துத்தநாகத்தில் தோய்த்து எடுப்பது மங்கல் சாம்பல் நிறம், பார்க்க வடிவில்லை, ஆனால் பூச்சு 50 முதல் 85 மைக்ரோன். துத்தநாகம் தேய்கிற வேகம் இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே எத்தனை மடங்கு தடிப்போ அத்தனை மடங்கு காலம். மினுக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ் வாங்கினால் 316 கேளுங்கள். 304ஐவிட அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்புக் காற்றைத் தாங்குவது அதனால்தான். காந்தம் வைத்துப் பார்ப்பார்கள்: நன்றாக ஒட்டினால் மலிவான 430 ஆக இருக்கக்கூடும், ஆனால் 304க்கும் 316க்கும் வித்தியாசத்தைக் காந்தம் காட்டாது, அதற்குக் கடைக்காரர் தருகிற தாள்தான். அலுமினிய ட்ராக்கில் ஸ்டெயின்லெஸ் ஆணி நேரே பூட்டினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடியாய் அரித்துப் போகும், இடையில் நைலோன் வாசர் போடுங்கள்.

வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்து போயிருக்கும். துரு தொடங்குவது அங்கேதான். தூரிகையால் தேய்த்துத் துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை.

காற்றடித்தால் கதவு ஆடுகிறது. பயமாக இருக்கிறது.

பயப்படத்தான் வேண்டும். நொடிக்கு 15 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு 14 கிலோ அளவில் தள்ளும். 4 சதுர மீட்டர்க் கதவில் அது 56 கிலோ, ஒரு ஆள் தோளால் முட்டுகிற மாதிரி. சோளகம் ஒரு பக்கத்தால் மாதக்கணக்கில் அடிக்கும், பிறகு தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிற காலத்தில் வாடை மறுபக்கத்தால் வரும். மேல் ட்ராக் பாரத்தைத் தாங்கும், காற்றைத் தாங்காது. அதற்குக் கீழே வழிகாட்டி வேண்டும். வீட்டுக்குள் கதவின் அடியில் ஒரு தவாளிப்பு (நீளப் பள்ளம்) எடுத்து, நிலத்தில் ஒரு சின்ன நாக்குப் பூட்டினால் போதும். வெளியே நிலத்தில் பள்ளச் சனல் பதிக்காதீர்கள், எங்கள் செம்மண் ஒரு மழையில் அதை நிரப்பிவிடும். கதவின் இரண்டு பக்கமும் நிற்கிற சின்ன உருளைகள் வையுங்கள். மூடி நிற்கிறபோது கதவின் நுனி போய்ச் செருகுகிற மாதிரி ஒரு தவாளிப்புக் கட்டையும் நிலைப்பக்கம் வேண்டும்.

பட்டை ட்ராக்கில் இன்னொன்று: காற்றோ பிள்ளையோ கதவைத் தூக்கினால் சில்லு பட்டையை விட்டு இறங்கும். கதவின் மேல் விளிம்பில், பட்டைக்கு அடியில் 3 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு தடுப்புத் தட்டு. அது பெட்டிக்குள் வரும், எதற்கு என்று தெரியாமல் எறிந்துவிடுகிறார்கள்.

முனையில் ஸ்டொப்பர் கட்டாயமா?

கட்டாயம். 100 கிலோக் கதவு நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக ஓடினாலும், ஐந்து கிலோக் கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்ட அடி அதில் இருக்கிறது. ஸ்டொப்பரை ட்ராக்குக்குள் ஒரு ஸ்குரூவால் மட்டும் நெருக்கி விடாதீர்கள், ட்ராக்கைத் துளைத்துப் போல்ட் விடுங்கள், ரப்பர் முகம் வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் மெதுவாக மூடுகிற டாம்பர் வாங்குகிற காசு வீண் இல்லை, ஆனால் அதற்கும் கிலோ அளவு இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

றோட்டுக் கேற்றையும் இப்படித் தொங்கவிடலாமா?

வேண்டாம். மேலே குறுக்குச் சட்டம் போட்டால் லொறி நுழையாது. கேற் கீழே ஓட வேண்டும்: நிலத்தில் தண்டவாளம், தவாளிப்புள்ள இரும்புச் சில்லு, மேலே சாயாமல் பிடிக்கிற உருளைகள். அதிலும் முனைத் தடுப்பு இல்லாமல் விட்டால் கேற் உருளையைத் தாண்டிப் போய்ச் சாய்ந்து விழும். பல நாடுகளில் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். நிலத்தில் கொங்கிரீட்டோடு பதித்த தடுப்பு இரண்டு பக்கமும் போடாமல் நான் ஒரு கேற்றும் கையளிப்பதில்லை.

படகு எஞ்சினைத் தூக்கி நகர்த்த இதே ட்ராக்கைப் பாவிக்கலாமா?

40 குதிரைவலு எஞ்சின் 70 கிலோவுக்கு மேல், ட்ராக்கில் 150 என்று இருக்கிறது, ஏன் கூடாது என்று குருநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டார். கதவுக்குச் சொன்ன கிலோ தூக்குகிற வேலைக்குச் செல்லாது. கதவின் பாரம் இரண்டு ரோலரில், எப்போதும் ஒரே மாதிரி நேர்கீழே நிற்கும். எஞ்சின் ஒரே கொக்கியில் தொங்கும், சங்கிலி இழுக்கும்போது குலுங்கும், பக்கவாட்டில் ஊசலாடும், கீழே கையும் காலும் இருக்கும். அதற்கு ஐ வடிவ பீமும், எத்தனை கிலோ தூக்கலாம் என்று உடலில் பொறித்திருக்கிற பீம் ட்ரொலியும் வேண்டும். ஊஞ்சலுக்கும் இதே பதில்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை கிரீஸ் போடுவது?

ட்ராக்குக்குள் கிரீஸே போடாதீர்கள். செம்மண் தூசி அதில் ஒட்டி, அரைக்கிற பசையாகிச் சில்லையும் ட்ராக்கையும் தின்னும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயின்ட் தூரிகையால் ட்ராக்கைக் கூட்டித் துடைத்தால் போதும். கிறீச் என்றால் காய்ந்து நிற்கிற சிலிக்கோன் ஸ்ப்ரே கொஞ்சம், பெயாரிங் பக்கம் மட்டும்.

தொங்கவிடுகிற நாளில் எதைக் கவனிப்பது?

ட்ராக் மட்டம் முதலில். நீளமான வேலைக்குக் கைமட்டத்தை நம்பாதீர்கள், தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பாருங்கள், குமிழி இல்லாமல். ட்ராக் சரிந்தால் பாரமான கதவு தானாக ஓடத் தொடங்கும்.

95 கிலோக் கதவென்றால் நான்கு பேர் வேண்டும், மூன்று பேரும் ஒரு துணிவும் போதாது. கதவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட் பூட்டப் பார்க்காதீர்கள். சரியான உயரத்துக்குக் கட்டை அடுக்கி, கதவை அதன்மேல் நிறுத்தி, ஆறுதலாகப் பூட்டுங்கள். தொங்கல் போல்டில் உயரம் சரிபார்த்த பிறகு இறுக்குகிற இரண்டாவது நட்டை மறக்க வேண்டாம், அதை விட்டால் கதவு ஓடுகிற அதிர்வில் போல்ட் தானாகக் கழன்று ஒரு பக்கம் இறங்கும். நட்டிலிருந்து போல்டுக்கும், பிராக்கெட்டிலிருந்து சுவருக்கும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ஏணி வைத்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் இறங்கிவிடலாம். எங்காவது ஒரு மயிரிழை விலகியிருந்தால் அன்றைக்கே கதவுக்கு அடியில் கட்டை வைத்துப் பாரத்தை எடுத்துவிட்டு, அந்தப் பிராக்கெட்டைக் கழற்றிச் சுவரைப் பாருங்கள்.